பியானெல்லாவில் ஒரு தரை

என் அண்ணன் லிபராத்தோவிடம் என் கணவன் எர்சிலியோ டிக்கெட் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசை முடிந்து ஜனங்கள் பலகாரக் கடை வாசலில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற நேரம். ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷம் கழித்துக் காலெடுத்து வைத்திருக்கிற மனிதன், மகள் தோனாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்தின் படியேறி, மூச்சு வாங்க நிற்கிறான். 'வா' என்று ஒரு வார்த்தை வரும், அது இல்லாவிட்டால் 'எதுக்கு வந்தே' என்றாவது ஒரு வார்த்தை வரும் என்று நான் நடுவில் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறேன். எர்சிலியோ மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றான். சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையை நேராக்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு டிக்கெட்டா?" என்றான்.

"என் நிலத்தைப் பாக்க நான் டிக்கெட் வாங்கணுமா, மச்சான்?"

"ஊர்க்காரங்களுக்கு இலவசம். நீதான் குடித்தனத்தை டுரினுக்கு மாத்திட்டியே."

"மாத்திட்டேனா. நல்லாருக்கு. சும்மா வீட்ல போரடிச்சுதுன்னு மாத்தினேன்ல?"

நான் பையைத் திறந்து நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "கிழி. கிழிச்சுக் குடுத்துத் தொலை," என்றேன். அவன் கிழித்தான். ஓரம் பிசிறில்லாமல், ஸ்கேல் வைத்துக் கிழித்தான். மீதிச் சில்லறையையும் எண்ணி என் கையிலேயே வைத்தான். நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்குச் சில்லறை. என் கணவனைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவும் அந்த மேசைமேல் இருந்தது. அவன் திருடமாட்டான், பொய் சொல்லமாட்டான், யாருக்கும் ஒரு பைசா குறைக்கவும் மாட்டான். இப்படிப்பட்ட மனிதனோடு வாழ்வது எப்படி என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நிறையச் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் காஸ்தெல்மூத்தோவில் வீடு கட்டுகிறவனுக்கு இரண்டு பயம். ஒன்று பூகம்பம், இன்னொன்று ரோமானியர்கள். பூகம்பமாவது எப்போதாவதுதான் வரும். செத்து இரண்டாயிரம் வருஷமான ரோமானியர்கள் எங்கே கடப்பாரை போட்டாலும் இருப்பார்கள். ஒரு சுவர், ஒரு பானை, தூண் அடி ஒன்று, ஏதாவது. மண்ணுக்கு அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம். தகவல் சொன்னால் வேலை அன்றே நிற்கும், மறுபடி எப்போது தொடங்கும் என்பது கடவுளுக்கே தெரியாது. அதனால் ஊரில் ஒரு வழக்கம். பொக்லைன் எதிலாவது இடித்தால் மேஸ்திரி ஆட்களை மதியச் சாப்பாட்டுக்குச் சீக்கிரம் அனுப்பிவிடுவான். அன்று சாயங்காலம் வீட்டுக்காரன் பாருக்கு, எங்கள் பக்கத்தில் காப்பிக் கடைக்கு அதுதான் பேர், அங்கே போய், அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் காப்பி வாங்கித் தருவான். எதற்கு என்று அவனும் சொல்லமாட்டான், யாரும் கேட்கவும் மாட்டார்கள். குடித்தவன் வாயை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். மறுநாள் விடிவதற்குள் கான்கிரீட் லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும். மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சமையலறைக்கு அடியில் பளிங்குக் குளியல் தொட்டி ஒன்று முழுசாக இருக்கிறதாம். அவர் மனைவி அதற்கு மேல் நின்றுதான் மகராசியாகப் பாஸ்தா வடிக்கிறாள். பாதிரியாரின் கார் ஷெட்டுக்கு அடியில் இருப்பதைப் பற்றி நான் சொல்லமாட்டேன், அந்தக் காப்பியை நானும் குடித்திருக்கிறேன்.

லிபராத்தோ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். ஊரில் பாதிப் பேரை அவன்தான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் கொண்டுபோய் விட்டிருக்கிறான். வாழ்நாளெல்லாம் சேர்த்த காசில், எங்கள் அப்பா விட்டுப்போன பியானெல்லா வயலில் தோனாத்தாவுக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினான். மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, வீடு முடிந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அஸ்திவாரம் தோண்டும்போது பொக்லைன் வாளியில் சின்னச் சின்ன வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் வந்தன, ரோமானியர்கள் கல் பதித்துப் படம் போட்ட ஒரு தரை. அண்ணன் வழக்கப்படி பாருக்குப் போனான், வழக்கப்படி எல்லோருக்கும் காப்பி சொன்னான். அங்கே எர்சிலியோவும் நின்றிருந்தான், அவனும் குடித்தான். அதோடு விட்டிருந்தால் தோனாத்தாவுக்கு இந்நேரம் பிள்ளைகள் இருந்திருக்கும். ஆனால் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. தன் வயலில் கிடைத்ததை யாருக்காவது காட்ட வேண்டும்போல் இருந்திருக்கிறது. படம் வரைகிற வாத்தியார், நாலு விஷயம் தெரிந்தவன் என்று மச்சானைத்தான் கூட்டிக்கொண்டு போனான். பொழுது சாய்கிற நேரத்தில் தார்ப்பாயைத் தூக்கி, "பாரு மச்சான், என் பொண்ணு எது மேல குடித்தனம் நடத்தப் போறான்னு பாரு!" என்றானாம்.

எர்சிலியோ சேற்றுக் காலோடு வீட்டுக்கு வந்தான். வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரி. மறுநாள் காலை கான்கிரீட் லாரியும் போலீஸ் ஜீப்பும் பியானெல்லா வளைவில் எதிரும் புதிருமாக வந்து நின்றன என்பது ஊருக்கே தெரிந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. தொல்லியல் அலுவலகத்துக்கு யார் சொன்னது என்று கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. அவனே சொன்னான். சந்தைக்கு நடுவில் நின்று, "நான்தான் சொன்னேன், அதுதான் சரி," என்றான்.

அவனிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு கோடை தோண்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் அந்தத் தரைமேல் கண்ணாடி போட்டு அதற்கு மேலேயே வீட்டைக் கட்ட விடுவார்கள். வடக்கே எங்கேயோ அப்படி ஒரு வீட்டைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறான். தோனாத்தாவின் வீட்டைக் கண்ணாடித் தரையோடு வண்ணப் பென்சிலில் வரைந்து, சுருட்டி, ரிப்பன் கட்டி அண்ணன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். அண்ணி அதை வாங்கி, அவன் கண்ணெதிரே அடுப்பில் போட்டாள். அரசாங்கம் வயலை எடுத்துக்கொண்டது. கொடுத்த நஷ்ட ஈட்டைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்தார்கள். தோனாத்தா டுரினில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பின்னாலேயே அண்ணனும் அண்ணியும் போனார்கள். அண்ணி அங்கே அஞ்சாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரிகிற அறையில் செத்துப்போனாள்.

எங்களுக்கு நடந்தது அதைவிடச் சின்னது, ஆனால் தினமும் நடந்தது. எர்சிலியோ பாருக்குப் போனால் காப்பி கிடைக்கும், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். ஆனால் அவனுக்கு யாரும் வாங்கித் தரமாட்டார்கள். அவன் வாங்கித் தந்தால், "இப்பத்தான் குடிச்சேன், வாத்தியாரே" என்பார்கள். அந்தக் காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னவன். அதுதான் ஊருக்கு ஆறவில்லை. அவன் கடற்கரைப் பக்கத்து ஆள், வழக்கத்தின் அர்த்தம் தெரியாமல் குடித்தானா, தெரிந்தே குடித்தானா என்று நான் அவனிடம் கேட்டதேயில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்கு நல்லதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பழைய கசாப்புக் கூடத்தைச் சுண்ணாம்படித்து அருங்காட்சியகம் ஆக்கியபோது, சம்பளமில்லாக் காவலாளியாகப் போய் உட்கார்ந்துகொண்டான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வழி தவறிய ஜெர்மானியர்களும் வருவார்கள். ஊரார் யாரும் வந்ததில்லை.

போன மாதம் தோனாத்தா போன் செய்தாள். "அத்தை, அப்பாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. நடுவுல கறுப்பா ஒரு வட்டமாம், சுத்தி ஓரம் மட்டுந்தான் தெரியுதாம். அதுவும் ரொம்ப நாளைக்கு இல்லன்னு டாக்டர் சொல்லிட்டார். எதையாவது பாக்கணுமாப்பான்னு கேட்டேன். கடலைச் சொல்வார், அம்மா கல்யாண போட்டோவைச் சொல்வார்னு நெனச்சேன். அந்தத் தரையைப் பாக்கணும்ங்கறார்."

"எதுக்காம்?"

"எதுக்காக எல்லாம் போச்சுன்னுதான் பாக்கணுமாம்."

தரை மூடிக் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டு கோடை தோண்டினார்கள், அப்புறம் பணம் இல்லை என்றார்கள். மேலே ஒரு தடித்த வெள்ளைத் துணியை விரித்து, மணல் கொட்டி, சரளை கொட்டி, 'தற்காலிகமாக' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் வேலியின் சாவி என் கணவன் சட்டைப்பையில் இருக்கிறது. குருடனாகப் போகிறவனுக்காக ஒரு முறை திறக்கமாட்டானா என்று நினைத்து, "கூட்டிட்டு வா" என்றேன். எர்சிலியோவிடம் அவர்கள் வருவதை மட்டும் சொன்னேன். வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைக்கச் சொன்னான். அவனும் மனசுக்குள் ஏதோ எதிர்பார்த்திருக்கிறான் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கசாப்புக் கூடத்தில் இரண்டே அறை. கூரையில் மாடு தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. கழற்றினால் காரை பெயரும் என்று விட்டுவிட்டார்கள். கீழே கண்ணாடிப் பெட்டிகளில் அகல் விளக்குகள், எலும்பு ஊசிகள், உடைந்த சாடியின் கைப்பிடிகள். ஈரமாகக் காயப்போட்ட ஓட்டின்மேல் எப்போதோ ஒரு நாய் நடந்து போயிருக்கிறது, அந்தப் பாதம் அப்படியே இருக்கிறது. அண்ணன் கோழி பார்ப்பதுபோல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தான். எர்சிலியோ இரண்டடி பின்னால் நடந்து, யாருக்கோ சொல்வதுபோல் விளக்கம் சொன்னான். இந்த அறையில் கிடைத்தது, அந்த அறையில் கிடைத்தது என்று அவன் சொல்லச் சொல்ல, அந்த அறைகளெல்லாம் எங்கள் அப்பா தக்காளி போட்ட பாத்திகள் என்று என் புத்தி ஓடியது.

கடைசிச் சுவரில் தரையின் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. வெள்ளைத் தளத்தில் கறுப்பில் கொடி ஓடி, நடுவில் இரண்டு வாத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அண்ணன் அதற்கு மிக அருகே போய்க் கன்னத்தை ஒட்டுவதுபோல் நின்றான். விரலால் தடவினான்.

"இது காகிதம்."

"ஆமா, போட்டோ," என்றான் எர்சிலியோ.

"தரை எங்கே?"

"பியானெல்லாவிலேயேதான் இருக்கு. இடத்தை விட்டு எடுக்கக் கூடாது, இருந்த இடத்துலயே வெச்சுக் காப்பாத்தணும். அதுதான் முறை."

"அப்ப வா, போய்ப் பாக்கலாம்."

"வேலிக்கு உள்ள வரைக்கும் போகலாம். தரை மூடியிருக்கு."

அண்ணன் திரும்பினான். கண்ணின் நடுவில் தெரியாததால் யாரையும் நேராகப் பார்க்க முடியாமல், எர்சிலியோவின் காதுக்குப் பக்கத்தில் இருந்த காற்றைப் பார்த்துப் பேசினான். "மூடியிருக்கா? எத வெச்சு மூடியிருக்கு?"

"துணி. அதுக்கு மேல மணல், சரளை."

"அடப்பாவிகளா," என்றாள் தோனாத்தா மெல்ல. "நாங்க மூடினா குத்தம். நீங்க மூடினா?"

"அது பாதுகாப்பு," என்றான் எர்சிலியோ. கேலியாகச் சொல்லவில்லை. கேலி பண்ணத் தெரிந்திருந்தால் எங்கள் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும். தோனாத்தா சிரித்தாள். சலவைக்கூடத்து வெந்நீரில் வெந்து சிவந்த கையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

பியானெல்லாவுக்குத் தோனாத்தாவின் வாடகைக் காரில் போனோம். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் மச்சானும் மச்சானும் ஆளுக்கொரு ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் மட்டும் வழியில், "இது பழைய ஆலை வளைவுதானே?" என்று கேட்டான். அவன் ஆயிரம் தடவை பேருந்து திருப்பிய வளைவு. ஆமாம் என்று தோனாத்தா சொல்வதற்குள் எர்சிலியோ சொன்னான்.

வேலி துருப்பிடித்திருந்தது. பூட்டு மட்டும் புதுசு, எர்சிலியோ எண்ணெய் போட்டு வைத்திருந்தான். உள்ளே முட்டளவுச் சுவர்கள், அவற்றின் இடுக்கிலெல்லாம் பெருஞ்சீரகச் செடி. சுவர் மூலையில் ஒரு அத்தி மரம் செழித்து நின்றது. யாரும் நடவில்லை, பறவை போட்ட விதை. இடிபாடு என்றால் அத்திக்கு அப்படியொரு ஆசை. மரத்துக்கு இந்தப் பக்கம் பெரிய சரளைத் திட்டு. அதுதான் தரை. அண்ணன் தலையைச் சாய்த்துச் சரளையையே பார்த்தபடி நின்றான். இதைப் பார்க்கத்தான் ரயிலில் நாடு பூராவும் கடந்து வந்திருக்கிறான்.

"ஒரு ஓரமா மட்டும் தூக்கு மச்சான். நான் தொடக்கூட மாட்டேன்."

"அனுமதி வேணும். நான் வருஷா வருஷம் எழுதிட்டுத்தான் இருக்கேன். வந்து திறந்து பாருங்க, எப்படி இருக்குன்னு பாருங்கன்னு. பதில் வரல."

"நீ ஒரே ஒரு போன் பண்ணினப்ப மறுநாள் காலையிலயே வந்தாங்களே."

எர்சிலியோவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அவன் கை சட்டைப்பைச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பூட்டாகவே ஆகிவிட்ட மனிதன் இவன், இனி யாருக்காகவும் திறக்கமாட்டான் என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது. என் பொறுமை அங்கே செத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையோடு மண்டி போட்டு, இரண்டு கையாலும் சரளையை அள்ளி வீசத் தொடங்கினேன். நகம் உடைந்தது. 'ஓர்தென்சியா, நிறுத்து' என்றான் எர்சிலியோ, என் பேரைச் சொல்லி. நிறுத்தவில்லை. 'இது சட்ட விரோதம்' என்றான்.

"என்னையும் காட்டிக் குடு," என்றேன். "போன் வெச்சிருக்கேல்ல? போலீசைக் கூப்பிடு. எங்க குடும்பத்துல நான் ஒருத்திதான் பாக்கி!"

தோனாத்தாவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் நாய் பறிப்பதுபோல் பறித்தோம். சரளை போய், மணல் போய், துணியின் ஓரம் தெரிந்தது. நான் அதைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை, எதிலோ மாட்டியிருந்தது. அப்போது எர்சிலியோ சட்டென்று என் தோளைத் தள்ளி உட்கார்ந்தான். "அப்படி இழுக்காதே, கிழியும். மணலை முழுக்க ஒதுக்கிட்டுச் சுருட்டணும், பாய் சுருட்டற மாதிரி," என்றான். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு மணலை ஒதுக்கினான். மூடிய நாளுக்குப் பிறகு அவனும் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த வாத்துகளுக்காக ஊரில் ஒரு வாய்க் காப்பிக்கு வழியில்லாமல் இருந்தானோ, அவற்றை அவனும் காகிதத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஆசை இருந்தது. என்னை யாராவது மீற வையுங்கள் என்று காத்திருந்திருக்கிறான்.

துணியை மெல்லச் சுருட்டினோம். அடியில் கறுப்பு மண்ணும் வேரும் இருந்தன. என் மணிக்கட்டுத் தடிமனில் அத்தி வேர், கிளை விட்டு, கிளையிலிருந்து நார் விட்டு, வலை பின்னினதுபோல் படர்ந்திருந்தது. வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் அந்த நாருக்குள் பல் விழுந்ததுபோல் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. இன்னும் சுருட்டினோம், அங்கேயும் வேர்தான். கொடி இல்லை, வாத்து இல்லை. துணிக்கு அடியில் ஈரமும் நிழலும் கொடுத்து அரசாங்கச் செலவில் ஒரு அத்தியை வளர்த்திருக்கிறார்கள். எர்சிலியோ சுருட்டுவதை நிறுத்தினான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

அண்ணன் மகளின் கையைப் பிடித்துக் குனிந்தான். தலையை இந்தப் பக்கம் சாய்த்தான், அந்தப் பக்கம் சாய்த்தான். "எடுத்தாச்சா?" என்றான். "ஒண்ணும் தெரியலையே. வெயில் எனக்குப் பின்னாலதானே இருக்கு? தோனாத்தா, வெயில் எங்கே இருக்கு?"

"பின்னாலதான்ப்பா."

"அப்ப ஏன் தெரியல?" உள்ளங்கையால் மண்ணைத் தடவினான். கையில் வந்த கல்லை எடுத்துக் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனான். "ஒரு கல்லு தெரியுது. வெள்ளை. தரைதான் தெரியல. எல்லாம் கறுப்பாத் தெரியுது. போன வாரம்கூட இவ்வளவு மோசமில்ல. அவ்வளவுதானா? என் கண்ணு போயிடுச்சா?"

தோனாத்தா என்னைப் பார்த்தாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பாதி வழி வந்துவிட்டவனுக்கு மீதி வழியைப் பொய்யாவது சொல்லிக் கொண்டுபோய் விடலாம். "இருக்குண்ணே," என்றேன். "அப்படியே இருக்கு. வெள்ளையில கறுப்புக் கொடி. நடுவுல ரெண்டு வாத்து, ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு. ரொம்ப அழகா இருக்குண்ணே. நம்ம வீட்டுக் கூடத்தைவிடப் பெரிசு..."

அண்ணனின் முகம் லேசாகத் தளர்ந்தது. "பெரிசா?" என்றான். "அன்னிக்கு நான் பாத்தது ஒரு முழம்தான். பெரிசாத்தான் இருக்கும்னு நெனச்சேன். வாத்தா? அந்தப் படத்துலகூட அது எனக்குத் தெரியலையே." கை வேரின்மேல் இருந்தது. கண் அவனை ஏமாற்றுகிறது, கையும் சேர்ந்து ஏமாற்றுகிறது என்று நம்ப அவன் தயாராக இருந்தான். இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"இல்ல," என்றான் எர்சிலியோ.

"வாயை மூடு," என்றேன்.

"கண்ணு இல்ல, லிபராத்தோ. உன் கண்ணு சரியாத்தான் பாக்குது. தரைதான் இல்ல. வேர் தின்னுடுச்சு."

ரோட்டில் ஒரு டிராக்டர் போனது. அண்ணன் கையிலிருந்த கல்லை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிக்கொண்டே வெகுநேரம் குந்தியிருந்தான். அவன் கத்துவான், அடிப்பான் என்று நான் நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவன் பேசியபோது குரல் பேருந்தில் பிள்ளைகளிடம் பேசுகிற குரலாக இருந்தது, கோபமே இல்லை.

"நான் சிமெண்ட் ஊத்தியிருந்தா அடியில அது பத்திரமா இருந்திருக்கும், மச்சான்," என்றான். "மேல என் பொண்ணு இருந்திருப்பா."

கல்லை இருந்த இடம் தடவிப் பார்த்து அங்கேயே வைத்தான். தோனாத்தாவின் தோளைப் பிடித்து எழுந்தான். இருவரும் முட்டளவுச் சுவர்களைச் சுற்றிக்கொண்டு, ஒரு காலத்தில் யார் யாரோ நுழைந்த வாசல்கள் வழியாகவெல்லாம் நுழைந்து, வேலிக் கதவை நோக்கி நடந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் விடியற்காலையிலிருந்து ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது, நாலு தட்டு வைத்துவிட்டு வந்திருந்தேன்.

எர்சிலியோ மண்டி போட்டான். வேரின் நாரை விலக்கி ஒரு கறுப்புக் கல்லை எடுத்தான், துப்பிச் சட்டையில் துடைத்தான், மண்ணில் நிறுத்தி வைத்து அழுத்தினான். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை. அதன் பக்கத்தில் இன்னொரு வெள்ளை. படம் அவனுக்கு மனப்பாடம். மூன்றாவதை அழுத்தியபோது முதல் கல் சாய்ந்தது. அதை நிமிர்த்தினான், இரண்டாவது சாய்ந்தது. ரோட்டிலிருந்து தோனாத்தா ஒரு முறை ஹாரன் அடித்தாள். என் கையில் துணியின் ஓரம் இருந்தது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறி அதற்குள் புகுந்து அதை உப்பவைத்தது. விட்டால் அவன் கட்டிய வரிசைமேல் போய் விழும். ஹாரன் இன்னொரு முறை கேட்டது. நான் இரண்டு கையாலும் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். அவன் தலை நிமிராமல், "இந்தப் பக்கம் வெயிலை மறைக்குது, கொஞ்சம் நகரு," என்றான்.